இருவராய்ச் செல்வோம் முதுகுன்றம்!

நீங்களும் உங்கள் வாழ்க்கைத் துணையும், வேறு எவரும் உடன் வராமல், இருவர் மட்டுமாகக் கடைசியாக எப்போது ஊர் சென்று வந்தீர்கள்?

இந்தக் கேள்விக்கு, ‘நாங்கள் போகாத கோயிலா?’ என்று அன்பர்கள் பலர் புன்னகை செய்யக்கூடும். உண்மைதான். காசிக்குப் போயிருப்போம், அது யாத்திரைக் குழுவோடு. குலதெய்வத்தின் சந்நிதிக்குப் போயிருப்போம்; அது பேரனுக்கு முடியிறக்க. திருப்பதிக்குப் போயிருப்போம், அது மகன் ஏற்பாடு செய்த வண்டியில், மருமகள் சொன்ன நேரத்தில். 60 முதல் 70 வயது வரையிலான மூத்த குடிமக்களை அறுபடை வீடுகளுக்குக் கட்டணமின்றி அழைத்துச் செல்லும் திட்டத்தை நம் இந்து சமய அறநிலையத் துறை 2024-ஆம் ஆண்டு தொடங்கியது. போற்றத்தக்க பணி அது. ஆயினும், கூட்டத்தோடு போவது ஒன்று. இருவராகப் போவது வேறொன்று.

எங்களுக்குத் திருமணமாகி 46 ஆண்டுகள் ஆகின்றன. இருவராக மட்டும் ஒரு கோயிலுக்குப் போய் இரவு தங்கித் திரும்பியது, கடந்த தை மாதத்தில்தான் முதன்முறை. சென்ற இடம் விருத்தாசலம். அந்த இரண்டு நாட்களில் கற்றுக்கொண்டதை, எங்களைப் போன்ற முதிய தம்பதியருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஏறுவதற்கு இல்லாத மலை

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழம்பதி விருத்தாசலம். ‘திருமுதுகுன்றம்’ என்பது தேவாரப் பெயர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய நடுநாட்டுத் தலம். இறைவன் பழமலைநாதர், வடமொழியில் விருத்தகிரீஸ்வரர். மலைகள் எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சிவபெருமானே இங்கு மலையாகத் தோன்றினார் என்பது தலபுராணம். பெயரில்தான் மலை உண்டு. இன்று ஏறுவதற்கு மலை ஏதும் இல்லை. மலை பூமிக்குள் அழுந்தியிருப்பதாகப் பெரியோர் கூறுவர். முழங்கால் வலியுள்ளவர்களிடம் பழமலைநாதருக்கு உள்ள கருணை என்றே நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம்.

இத்தலத்தில் எல்லாம் ஐந்து. கோபுரங்கள் ஐந்து, பிராகாரங்கள் ஐந்து, கொடிமரங்கள் ஐந்து, நந்திகள் ஐந்து, தேர்கள் ஐந்து, தீர்த்தங்கள் ஐந்து. முருகப்பெருமான் 28 ஆகமங்களின் பெயரால் நிறுவி வழிபட்ட 28 லிங்கங்களும் உண்டு. கோபுர வாயிலின் சுவர்களில் பரதநாட்டியக் கரணங்கள் சிற்பங்களாகத் திகழ்கின்றன. தலமரம் வன்னி. விபசித்து முனிவர் இக்கோயில் திருப்பணியைச் செய்தபோது, பணியாளர்களுக்கு இந்த வன்னியின் இலைகளையே கூலியாக வழங்கினார் என்றும், அவரவர் உழைப்புக்கு ஏற்ப அவை பொன்னாக மாறின என்றும் சொல்வர்.

இவையனைத்தையும் நான் முன்பே படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதுவே என் பிழையாகவும் ஆயிற்று. இரண்டு நாட்களுக்கு ஒன்பது கோயில்கள் என்று பட்டியல் போட்டிருந்தேன். எந்தக் கோயிலில் எத்தனை நிமிடம் என்றும் எழுதியிருந்தேன். பட்டியலைத் துணைவியாரிடம் காட்டவில்லை, கேட்கவும் இல்லை. வீட்டிலும் அப்படியே பழகிவிட்டோம். நான் முடிவு செய்வேன். அவர் உடன் வருவார்.

முதல் நாள் காலை, சிற்றுண்டிகூட உண்ணாமல், “நடை திறந்ததும் போனால் கூட்டம் இராது” என்று அவரை விரைவுபடுத்தி அழைத்துச் சென்றேன். முதல் பிராகாரத்தில் ஆழத்துப் பிள்ளையார் எழுந்தருளியிருக்கிறார். விநாயகரின் அறுபடை வீடுகளுள் இரண்டாவதாகக் கூறப்படும் சந்நிதி இது. பெயருக்கேற்பத் தரைமட்டத்துக்குக் கீழே, 18 படிகள் இறங்கித் தரிசிக்க வேண்டும். நான் இறங்கித் தொழுதுவிட்டு மேலே வந்தபோது, துணைவியார் படியின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை. கைகள் நடுங்கின.

“நீங்க எல்லாச் சந்நிதியும் பார்த்துட்டு வாங்க. நான் இப்படியே உட்கார்ந்திருக்கேன்” என்றார்.

பூ விற்கும் அம்மையார் ஒருவர் ஓடி வந்தார். “ஐயா, அம்மாவுக்குச் சர்க்கரை இருக்குதா? காலையில மாத்திரை போட்டாங்களா? என்ன மாத்திரை?”

எனக்குத் தெரியவில்லை.

அன்பர்களே, அந்தக் கணம் எனக்கு உண்டான வெட்கத்தை இன்னும் மறக்க முடியவில்லை. என் இரத்த அழுத்த மாத்திரையின் பெயர், அளவு, உண்ணும் நேரம் எல்லாவற்றையும் அவர் அறிவார். 46 ஆண்டுகள் உடன் வாழ்ந்தவருடைய மாத்திரை ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த அம்மையார் தம் பையிலிருந்த கற்கண்டை எடுத்து வாயில் போட்டார். கால் மணி நேரத்தில் துணைவியார் தெளிந்தார். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதன் பிறகு அதை எடுக்கவே இல்லை.

பெரியநாயகியும் இளையநாயகியும்

அன்று வெயில் ஏறும் வரை அம்பாள் சந்நிதியிலேயே இருந்தோம். இங்கு அம்பிகைக்கு இரண்டு சந்நிதிகள். ஒருவர் பெரியநாயகி என்னும் விருத்தாம்பிகை. மற்றவர் இளையநாயகி என்னும் பாலாம்பிகை. துணைவியார் என்னிடம், “ஒரே கோயிலில் மூத்தவளும் இளையவளும் ஏன்?” என்று கேட்டார். அதற்கான கதையை நான் அறிவேன். ஆனால் அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே அமர்ந்து சொன்னேன்.

திருவண்ணாமலை குகை நமசிவாயரின் சீடர் குரு நமசிவாயர். குருவின் ஆணைப்படி தில்லைக்குச் செல்லும் வழியில் இத்தலத்தில் தங்கினார். பசி வரும்போதெல்லாம் அம்பிகையைப் பாடி அன்னம் பெறுவது அவருடைய வழக்கம். இங்கும் பாடினார். ஆனால் அம்பிகையை முதியவள் என்னும் பொருளில் பாடிவிட்டார். பெரியநாயகி ஒரு மூதாட்டியாக அவர் முன் வந்தாள். ‘முதியவள் எப்படியப்பா நடப்பாள்? எப்படிச் சோறும் நீரும் சுமந்து வருவாள்?’ என்று கேட்டாள். குரு நமசிவாயர் தம் பிழையை உணர்ந்து, அவளை இளையவளாகப் பாடினார். அம்பிகையும் இளமை பொங்கும் வடிவில் அன்னத்தோடு வந்தாள். அந்த வடிவமே இளையநாயகி.

கதையைக் கேட்ட துணைவியார் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “வயசு ஆகலைன்னு அவ சொல்லலை. என்னால முடியாததைக் கேட்காதேன்னு சொல்லியிருக்கா” என்றார்.

எத்தனையோ சொற்பொழிவுகளில் கேட்ட கதைதான். ஆயினும் இந்தப் பொருள் எனக்கு அதுவரை தோன்றியதில்லை. முதுமையில் பயணம் கூடாது என்பதில்லை. உடல் எதைத் தாங்கும் என்று கேட்டறிந்து, அதற்கேற்பப் புறப்பட்டால், பெரியநாயகியின் சந்நிதிக்கு அருகிலேயே இளையநாயகியும் இருக்கிறாள்.

மாலையில் மணிமுத்தாற்றைப் பார்த்தபடி நின்றோம். சுந்தரர் இத்தலத்து இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை இந்த ஆற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரிய புராணம். குளத்தில் தேடியபோது பொன் உடனே கிடைக்கவில்லை. கரையில் நின்ற பரவையார், ஆற்றில் இட்டதைக் குளத்தில் தேடுவதா என்று புன்முறுவல் பூத்தாராம். தம்பிரான் தோழருக்கே வீட்டில் இப்படியென்றால் நாம் எம்மாத்திரம் என்று இருவரும் சிரித்தோம். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நெடுநாளாகியிருந்தது.

பீங்கான் ஊரில் ஒரு குயவனார் நினைவு

விருத்தாசலத்துக்குக் கோயிலால் ஒரு பெயர். பீங்கானால் மற்றொரு பெயர். செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் தொழில்நுட்பக் கல்லூரியும் இவ்வூரில் உள்ளன. அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின் இணைப்புக்கான பியூஸ் கட்டை எனப் பலவும் இங்கு உருவாகின்றன. கார்த்திகைக்கு நம் வாசலில் ஒளிரும் வழவழப்பான அகல்கள் பல, இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வந்தவையே.

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் தொழிலைப் பார்க்க வேண்டும் என்பது துணைவியாரின் ஆசை. பட்டியலில் நான் அதற்கு இடம் வைக்கவில்லை. இப்போது பட்டியல்தான் இல்லையே! மறுநாள் காலை, சிற்றுண்டியும் மாத்திரையும் முடித்துக்கொண்டு, ஒரு சிறிய பட்டறைக்கு அனுமதி பெற்றுச் சென்றோம்.

வெண்களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, மண் அதன் உட்சுவரில் படிந்து உருவம் பெறுகிறது. எஞ்சிய கூழை வடித்துவிட்டு, சற்றே இறுகியதும் வெளியே எடுக்கிறார்கள். பெண்கள் அமர்ந்து பிசிறுகளைச் சீவி, ஈரத் துணியால் துடைத்து அடுக்குகிறார்கள். காய்ந்தபின் மெருகுப் பூச்சு. பிறகு ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சூளை.

வேகாத அகல் ஒன்றைத் துணைவியார் கையில் எடுத்தார். “மெதுவாம்மா, விரல் பட்டாலே தழும்பு விழும். வெந்துட்டா ஒண்ணும் ஆகாது” என்றார் அங்கிருந்த பெண்மணி.

அதைக் கேட்டதும் தில்லைக் குயவனார் நினைவுக்கு வந்தார். 63 நாயன்மார்களுள் திருநீலகண்டர் என்ற பெயருடையவர் இருவர். ஒருவர், அடியார்களுக்குத் திருவோடு செய்து வழங்கிய திருநீலகண்டக் குயவனார். தம் பிழை ஒன்றினால் மனைவியின் மனத்தைப் புண்படுத்தினார். அம்மையார், ‘எம்மைத் தீண்டாதீர்’ எனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். ‘எம்மை’ என்று பன்மையில் சொன்னமையால், பெண்ணினம் முழுவதையுமே மனத்தாலும் தீண்டேன் என்று கணவரும் உறுதி பூண்டார். ஒரே வீட்டில், ஊரார் அறியாமல், முதுமை வரை அவ்வாறே வாழ்ந்தனர்.

இறைவன் சிவயோகியாக வந்து, ஒரு திருவோட்டைக் கொடுத்து, பின் அதை மறைத்தருளினார். ‘திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்’ என்றார். தில்லைவாழ் அந்தணர் அவையும் மூழ்கும்படி பணித்தது. கோலூன்றும் வயதில் அந்தத் தம்பதியர், ஒரு மூங்கில் கோலின் இரு முனைகளைப் பற்றியபடி குளத்தில் இறங்கினர். கையைப் பற்றாத காரணத்தை ஊரறியச் சொல்லி மூழ்கினர். எழுந்தபோது முதுமை நீங்கி இளமை பெற்றிருந்தனர். விருத்தாசலத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள சிதம்பரத்தில், இளமையாக்கினார் கோயிலும் அதன் தீர்த்தமும் இன்றும் அந்த நிகழ்ச்சியை நினைவூட்டுகின்றன.

வீட்டிலிருந்து குளக்கரை வரைதான் அவர்கள் நடந்தார்கள். ஆனால் இறைவன் வந்து வெளியே அழைத்த பிறகே, அத்தனை ஆண்டு மௌனம் கலைந்தது. நம் வீடுகளில் பெரிய சபதம் ஏதும் இல்லை. ஒருவர் கையில் செய்தித்தாள், மற்றவர் கையில் கைபேசி. மூங்கில் கோல் எதுவாயினும், அதைக் கீழே வைக்கச் சில வேளைகளில் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டியிருக்கிறது.

இரண்டு அகல்களை வாங்கிக்கொண்டோம். எவை என்று அவரே தேர்ந்தெடுத்தார்.

சேர்ந்தே நடந்த தம்பதியர்

இரண்டாவது நீலகண்டர், திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய ஊர் திருஎருக்கத்தம்புலியூர். இன்று ராஜேந்திரப்பட்டினம் என்று வழங்கும் இத்தலம், விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர். தலமரம் வெள்ளெருக்கு. ஒன்பது கோயில்களில் எஞ்சியவற்றுள் எதற்குப் போகலாம் என்று துணைவியாரிடம் கேட்டேன். யாழ்ப்பாணர் கதையைக் கேட்டதும், “இது ஒண்ணு போதும்” என்றார்.

யாழ்ப்பாணர் யாழ் மீட்ட, அவருடைய மனைவி மதங்கசூளாமணியார் உடன் பாடுவார். திருஞானசம்பந்தரைச் சீகாழியில் வணங்கிய நாள் முதல், தலந்தோறும் இருவரும் அவருடன் சென்றனர். தில்லையில் இருந்தபோது, தம் ஊர் உள்ளிட்ட தலங்களையும் தரிசிக்க வேண்டும் என்று யாழ்ப்பாணர் விண்ணப்பித்தார். சம்பந்தரும் இசைந்து எருக்கத்தம்புலியூருக்கு எழுந்தருளினார். அங்கிருந்து முதுகுன்றமும் சென்றார். நாங்கள் காரில் வந்த இதே வழியில் அந்தத் தம்பதியர் நடந்திருக்கிறார்கள்.

திருச்சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனாரின் இல்லத்தில் ஓரிரவு தங்கியபோது, யாழ்ப்பாணரும் அவர் மனைவியும் தங்க இடமளிக்குமாறு சம்பந்தரே கேட்டார். வேள்விக் குண்டத்தின் அருகே அவர்களுக்கு இடம் தரப்பட்டது. வேதிகையில் இருந்த தீ வலமாகச் சுழித்து மேலெழுந்து ஒளிர்ந்தது என்கிறது பெரிய புராணம். இருவராய் வந்த விருந்தினரை நெருப்பும் வணங்கி வரவேற்றது. முடிவில் நல்லூர்ப்பெருமணத்தில், வைகாசி மூலத்தன்று, சம்பந்தரோடு இருவரும் சோதியில் கலந்தனர். புறப்பட்டது முதல் சென்றடைந்தது வரை, பிரியாத பயணம்.

எருக்கத்தம்புலியூர் ஆலயத்தில் அன்று அதிகக் கூட்டமில்லை. திண்ணையில் அமர்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். துணைவியார் தம் மாத்திரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

முந்தானை விசிறி

முதுகுன்றத்தில் உயிர் நீப்பவரை, அம்பிகை தன் மடியில் கிடத்தி முந்தானையால் விசிற, இறைவன் அவர் செவியில் ஐந்தெழுத்தை ஓதுகிறான் என்கிறது கந்தபுராணம். ‘விருத்தகாசி’ என இத்தலம் போற்றப்படுவது இதனால்தான். அங்கும் இருவர். ஒருவர் விசிற, ஒருவர் ஓதுகிறார். இந்த வயதில் நாம் ஒருவருக்கொருவர் செய்யக்கூடியதும் அதுதான்.

இதைப் படிக்கும் அன்பர்களுள் துணையை இழந்தவர்களும் இருப்பீர்கள். முதுகுன்றக் கோயிலைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார், தம் கணவர் கண்டராதித்த சோழர் மறைந்த பின் பல்லாண்டுகள் தனித்து வாழ்ந்தவர். கோனேரிராசபுரத்தில், தம் கணவர் இறைவனை வழிபடுவது போன்ற சிற்பத்தை அமைக்கச் செய்தவரும் அவரே. நினைவில் உடன் வருபவரும் துணைதான்.

இருவரும் இருக்கும் வீடுகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ‘மகன் வரட்டும், கால் வலி குறையட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். இரண்டு நாள் போதும். ஒரு கோயில் போதும். பழமலைநாதரும் பெரியநாயகியும் அதற்கு அருள்புரிவார்களாக!

புறப்படும் முன்...

எப்படிச் செல்வது: சென்னை – திருச்சி இருப்புப்பாதையில் விழுப்புரத்துக்கு அடுத்த பெரிய சந்திப்பு விருத்தாசலம். கடலூர், சேலம் பாதைகளும் இங்கு இணைகின்றன. முதியோர் பகல் நேர ரயிலில் செல்வது நலம். ரயில்வேயின் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆயினும் படுக்கை வசதி வகுப்புகளில், 60 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 45 வயது நிரம்பிய பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. இருவருக்கும் ஒரே பயணச்சீட்டாக எடுங்கள்.

எப்போது செல்வது: தை மாதம் உகந்தது. மாசிமகப் பெருவிழாவின்போது கூட்டம் மிகும்; அமைதியாகத் தரிசிக்க விரும்புவோர் அந்நாட்களைத் தவிர்க்கலாம். நண்பகலில் நடை சாத்தியிருக்கும். அந்த நேரம் ஓய்வுக்கு உரியது. வெயில் ஏறினால் பிராகாரக் கற்கள் காலைச் சுடும்.

திட்டமிடுவது: காலையில் ஒரு கோயில், மாலையில் ஓர் இடம், அதற்கு மேல் வேண்டாம். ஒன்று அவர் விருப்பம், மற்றொன்று உங்கள் விருப்பம். தங்குமிடத்தில் தரைத்தள அறை, மேற்கத்தியக் கழிப்பறை உண்டா என முன்பே கேளுங்கள். ஆழத்துப் பிள்ளையாரின் படிகள் இயலாதவர்கள் மேலிருந்தே வணங்கலாம்.

உடன் எடுத்துச் செல்வது: இருவரின் மாத்திரைப் பெயர்களையும் எழுதிய சீட்டு, இருவர் பையிலும் தனித்தனியே. நான்கு நாட்களுக்கான மருந்து. சிறிது கற்கண்டு அல்லது சர்க்கரை. பிள்ளைகளின் தொலைபேசி எண், கைபேசியில் மட்டுமன்றிக் காகிதத்திலும். சாப்பிடாமல் எந்தக் கோயிலுக்கும் புறப்பட வேண்டாம்.

அருகில்: ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். பலிபீட வடிவில் முருகன் அருள்பாலிக்கிறார். குறைகளைக் காகிதத்தில் எழுதிப் ‘பிராது’ கட்டுவது இங்குள்ள வழக்கம். அடுத்த முறை அங்கு போக வேண்டும் என்று துணைவியார் கூறியிருக்கிறார். பிராது யார்மீது என்று இன்னும் சொல்லவில்லை.